இளையோர் பேஸ்பால் கிளப்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள், பெற்றோர்கள், பயிற்சியாளர்கள், அறிக்கை எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள், எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், நான் அதற்குள் போகவில்லை. கோப்பை ஏதாவது வந்ததா என்றால், வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பிரிவு அரையிறுதி வரை போனது, மற்ற அணிகள் அதற்கு முன்பே வெளியேறிவிட்டன. நிர்வாகக் குழு எடுத்த இரண்டு முடிவுகளால்தான் இப்படி ஆனது என்று சிலர் சொல்கிறார்கள். ஓரளவு உண்மைதான். அதனால் அந்த இரண்டைப் பற்றியே இங்கே அதிகம் பேசப் போகிறேன்.

முதலாவது, வந்த பிள்ளை ஆடியே தீர வேண்டும் என்பது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு தடவை பேட்டிங், களத்தில் தொடர்ந்து ஆறு அவுட், அதாவது இரண்டு இன்னிங்ஸ் அளவுக்காவது ஃபீல்டிங். இது நம் கண்டுபிடிப்பு இல்லை, லிட்டில் லீக் என்ற அமெரிக்க இளையோர் பேஸ்பால் அமைப்பில் வழக்கத்தில் இருக்கும் அளவுதான். காகிதத்தில் இதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆட்டம் ஒரு ரன்னில் தொங்கும்போதுதான், பெஞ்சில் இருக்கும் பிள்ளை பயிற்சியாளரின் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். ஆகவே இந்த ஆண்டு பொறுப்பை ஸ்கோரரிடம் கொடுத்தோம். ஸ்கோர் புத்தகத்தில் தனியாக ஒரு கட்டம், மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் யார் இன்னும் இறங்கவில்லை என்று அவர் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும். சில பயிற்சியாளர்களுக்கு இது பிடிக்கவில்லை, இன்னும் பிடிக்கவில்லை என்றே நினைக்கிறேன், ஆனாலும் கடைப்பிடித்தார்கள். அதற்கு நன்றி.

கிரிக்கெட்டில் நன்றாக ஆடுகிறவர் அவுட் ஆகாதவரை நின்று ஆடலாம். பேஸ்பாலில் அந்த வசதி கிடையாது. பேட்டிங் வரிசை சுற்றிச் சுற்றி வரும், எவ்வளவு பெரிய பேட்டராக இருந்தாலும் தன் முறை முடிந்தால் டக்அவுட்டில், அதாவது அணியின் பெஞ்சில் உட்கார்ந்து, இந்த ஆண்டுதான் மட்டையைத் தொட்ட பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்துக் கைதட்ட வேண்டியதுதான். அந்தக் கடைசிப் பிள்ளையைத் தயார்ப்படுத்தாத அணிக்கு ஒருநாள் அதே இடத்தில்தான் அடி விழும். அரையிறுதியில் நமக்கு அதுதான் நடந்தது: கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், பேஸில் ரன் எடுக்கக் காத்திருக்கும் ஆள், மட்டையோடு நின்றது ஒரு புதுப் பிள்ளை. ஸ்டிரைக் அவுட், மூன்று தடவை அடிக்கத் தவறி அவுட். ஆட்டம் முடிந்ததும் அவனை முதலில் போய்க் கட்டிப்பிடித்தவன் நம் அணியின் முதல் பேட்டர். எந்தப் பயிற்சியாளரும் அவனை அனுப்பவில்லை.

டெட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பேட்டர் 1941-இல் .406 சராசரி வைத்தார், அதாவது பத்தில் நான்கு முறைக்குச் சற்று அதிகமாக ஹிட் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை அடைவது). அங்கே உச்சத் தொழில்முறைப் போட்டிகளான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் அதற்குப் பிறகு ஒரு முழுப் பருவத்தில் யாரும் .400-ஐத் தொடவில்லை. அந்த ஆண்டிலும் அவருக்குப் பத்தில் ஏறக்குறைய ஆறு முறை ஹிட் கிடைக்கவில்லை. பிள்ளைகள் இதைச் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். கம்பி வேலிக்கு வெளியே நிற்கிறவர்களுக்குத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.

இரண்டாவது முடிவு, பிட்ச் எண்ணிக்கை, அதாவது பிட்சர் (பேட்டருக்குப் பந்து வீசுகிறவர்) ஒரு நாளில் எத்தனை பந்து வீசலாம் என்பது. அமெரிக்க அமைப்புகளான மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டோம். 9-10 வயதுக்கு ஒரு நாளில் 75, 11-12 வயதுக்கு 85, 13-14 வயதுக்கு 95. பதினான்கு வயது வரை, ஒரு நாளில் 66 அல்லது அதற்கு மேல் வீசினால் அடுத்த நான்கு நாள் பிட்ச்சிங் இல்லை. வளரும் வயதில் முழங்கை எலும்பின் வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் மென்மையான பகுதி) இன்னும் மூடியிருக்காது, ஓய்வே இல்லாமல் வீசினால் அதுவும் அடிபடும், தசைநாரும் அடிபடும். முழங்கைத் தசைநாரை மாற்றும் அறுவைச் சிகிச்சையை டாக்டர் ஃபிராங்க் ஜோப் 1974-இல் டாமி ஜான் என்ற தொழில்முறை பிட்சருக்குத்தான் முதலில் செய்தார். இன்று அது பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும் நடக்கிறது.

அதே அரையிறுதியில் நம் பிட்சரை 85 பிட்ச் ஆனதும் வெளியே எடுத்துவிட்டோம். அழுதான். “இன்னும் ஒரு இன்னிங்ஸ்தானே சார்” என்று அவன் அப்பா என்னிடம் கேட்டார். பொறுப்பான மனிதர், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த ஒரு இன்னிங்ஸை விட்டுக்கொடுத்தால் அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிடலாம். இதில் இன்னும் சரியாகாத சிக்கல் ஒன்று இருக்கிறது: சில பிள்ளைகள் வேறு அணிக்கும் ஆடுகிறார்கள், அங்கே எத்தனை வீசினார்கள் என்று நமக்குத் தெரிய வழியில்லை. பெற்றோர்தான் சொல்ல வேண்டும். தயவுசெய்து மறைக்காதீர்கள். அப்புறம், நான்கு இன்னிங்ஸ் கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவராக) நின்றவர் அன்று பிட்ச் செய்யக் கூடாது, இதையும் நினைவில் வையுங்கள்.

அம்பயர்கள் விஷயம் கொஞ்சம் கசப்பானது. நம் முன்னாள் ஆட்டக்காரர்களே, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள், சின்னப் பிரிவுகளுக்கு அம்பயராக வருகிறார்கள். வெளியிலிருந்து வரும் சத்தம் தாங்காமல் இந்தப் பருவத்தில் சிலர் நின்றுவிட்டார்கள். இனி தலைமைப் பயிற்சியாளர் மட்டும்தான் அம்பயரிடம் பேசலாம். மற்றவர்கள் கத்தினால் ஆட்டம் நிறுத்தப்படும், கத்தியவர் வெளியே போன பிறகுதான் மறுபடி தொடங்கும். 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் பிட்சர் அர்மாண்டோ கலராகாவுக்கு ஒரு பெர்ஃபெக்ட் கேம், அதாவது எதிரணியில் ஒருவர்கூட பேஸை அடையாத ஆட்டம், கைக்கு வந்துவிட்டது, கடைசி அவுட்டை அம்பயர் ஜிம் ஜாய்ஸ் தவறாக ‘சேஃப்’ (அவுட் இல்லை) என்றார். கலராகா சிரித்துவிட்டுத் திரும்பிப் போய் அடுத்த பேட்டருக்கு வீசினார். தான் தவறிவிட்டதாக ஜாய்ஸ் அன்றே ஒப்புக்கொண்டார். மறுநாள் பேட்டிங் பட்டியலைப் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குக் கொண்டுபோய் ஜாய்ஸிடம் கொடுத்ததும் கலராகாதான். உலகத் தரத்திலேயே இப்படி நடக்கும் என்றால், பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு ஸ்டிரைக்கைச் சரியாகச் சொல்லத் தவறியதற்கு நாம் ஏன் இவ்வளவு குதிக்கிறோம்?

மைதான வேலையை இரண்டு அணிகளும் சேர்ந்து செய்யும் ஏற்பாடு நன்றாகவே போகிறது. பிட்சர் நின்று வீசும் மண்மேடான மவுண்டைச் சமப்படுத்துவது, பேஸ்களைக் கழற்றி அடுக்குவது எல்லாம் பிள்ளைகளே. ஒழுக்கம் பற்றி நாம் நடத்திய வகுப்பைவிட இது அதிகம் வேலை செய்கிறது, அந்த வகுப்பை அடுத்த ஆண்டு விட்டுவிடலாம் என்பது என் சொந்தக் கருத்து. பெரிய பிள்ளைகள் டீ-பால் (கம்பத்தில் வைத்த பந்தை அடிக்கும் ஆட்டம்) ஆடும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் தொடர்கிறது. சிறுமிகள் சேர்வது கூடியிருக்கிறது, ஆனால் அவர்களுக்கு உடை மாற்றத் தனி இடம் இன்னும் இல்லை. புதுக் குழு முதலில் கையில் எடுக்க வேண்டியது அதைத்தான்.

பாதுகாப்பு: மைதானத்தில் ஏஇடி, அதாவது இதயத்தை மின்அதிர்ச்சியால் மீட்கும் கருவி வைத்திருக்கிறோம். மார்பில் பந்து குறிப்பிட்ட ஒரு கணத்தில் பட்டால், ஆரோக்கியமான பிள்ளைக்கும் இதயம் தடுமாறி நின்றுவிடலாம். அரிதுதான், ஆனால் நடந்தால் கையில் இருப்பது சில நிமிடங்களே. பயிற்சியாளர்கள் எல்லோரும் அதை இயக்கக் கற்றிருக்கிறார்கள், பெற்றோரும் கற்றுக்கொள்ளலாம். இடி கேட்டால் ஆட்டம் நிற்கும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி. வானம் வெளுத்துவிட்டதே என்று என்னிடம் வாதாட வேண்டாம்.

அடுத்த பருவத்துக்கு ஸ்கோரர்கள், அம்பயர்கள், டீ-பால் உதவியாளர்கள் தேவை. ஸ்கோர் போடத் தெரியாது என்பவர்களுக்கு நானே சொல்லித்தருகிறேன், ஒரு ஆட்டம் என்னோடு உட்கார்ந்தால் போதும். பெயர் கொடுப்பதற்கான தாள் பொருளாளரின் மேசையில் இருக்கிறது, அவர் கணக்கை வாசித்து முடித்ததும் வந்து எழுதிவிட்டுப் போங்கள்.