தோழர் எம்.ஏ. பேபிக்கு: முதலில் பூத்தில் உட்கார ஆள் வேண்டும்

அன்புள்ள தோழர் பேபி அவர்களுக்கு,

2025 ஏப்ரலில் எங்கள் மதுரையில் நடந்த மாநாட்டில்தான் நீங்கள் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ஆனீர்கள். நான் கட்சி உறுப்பினர் இல்லை, ஓட்டுப் போடுகிறவன், அவ்வளவுதான். ஆனாலும் மேற்கு வங்கத்தை நினைத்தால் மனசு ஆறவில்லை.

2006 சட்டமன்றத் தேர்தலில் 294 இடங்களில் 235 உங்கள் கட்சி தலைமையிலான இடது முன்னணிக்கு வந்தது. 2011-இல் 62, 2016-இல் 32, 2021-இல் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் யாரோடு கூட்டணி என்ற பேச்சுதான் பெரிதாக நடக்கிறது. 2016-இல் காங்கிரஸோடு நின்றீர்கள், அவர்களுக்கு 44, உங்கள் கட்சிக்கு மட்டும் 26. கூட்டணியே கூடாது என்று சொல்லவில்லை, அதைக் கடைசியில் பேசலாம்.

முதலில் பேச வேண்டியது 2018 பஞ்சாயத்துத் தேர்தல். மூன்றில் ஒரு பங்கு இடங்களில் போட்டியே நடக்கவில்லை, மனு கொடுக்கப் போனவர்களை அப்போது ஆட்சியில் இருந்த திரிணமூல் காங்கிரஸ் ஆட்கள் அடித்து விரட்டினார்கள். அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் பா.ஜ.க. 42-இல் 18 இடங்களைப் பிடித்தது, உங்கள் ஓட்டு கொத்துக்கொத்தாக அங்கே போனது. "இப்போதைக்கு ராம், அப்புறம் இடது" என்று, அதாவது முதலில் பா.ஜ.க., பிறகு இடதுசாரி என்று, ஊருக்குள் ஓடிய பேச்சு உங்களுக்குத் தெரியாததல்ல. கொள்கைத் தெளிவு இல்லாததால் போனார்கள் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அடி வாங்கியவன், நாளைக்கு நம் வீட்டுக் கதவை உடைத்தால் யார் வந்து நிற்பார்கள் என்று பார்த்தான், செங்கொடிக்காரர் யாரும் கண்ணில் படவில்லை, வேறு பக்கம் போனான்.

ஏன் யாரும் இல்லை? 34 வருட ஆட்சியில் கட்சி ஆபீஸே அரசாங்கமாகிவிட்டது. வரப்புத் தகராறு, குடும்பச் சண்டை, வாத்தியார் வேலை என்று எல்லாமே அங்கேதான் தீர வேண்டும் என்று ஆனது. ஆட்சி போனதும் அந்த ஆபீஸுக்கு வருவதற்கு யாருக்கும் காரணம் இல்லாமல் போனது. பங்குச் சாகுபடி செய்த 14 லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்து உரிமை கொடுத்த அதே கட்சியின் போலீஸ், 2007 மார்ச் 14 அன்று நிலம் எடுப்பதை எதிர்த்துப் போராடிய நந்திகிராமில் 14 பேரைச் சுட்டுக் கொன்றது. அதற்கான வருத்தத்தை மாநாட்டு அறிக்கையில் எழுதினால் போதாது தோழர். அந்த ஊருக்குப் போய், அந்தக் குடும்பங்களின் வாசலில் நின்று சொல்ல வேண்டும், திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆட்சி இல்லாமல் எப்படி நிற்பது என்பதற்கு வெளியே தேட வேண்டாம், இங்கேயே தர்மபுரி மாவட்டத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992-இல் அந்த மலை கிராமத்தை வனத்துறையும் போலீஸும் சூறையாடி 18 பெண்களை வன்புணர்வு செய்தபோது, உங்கள் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் வழக்கைக் கையில் எடுத்தன. 2011-இல் தண்டனை, 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பது வருடத்துக்கு மேல் விடாமல் நின்றார்கள். அதனால் இங்கே ஆட்சி வந்துவிடவில்லை, தெரியும். ஆனால் தர்மபுரிப் பக்கம் போய்க் கேளுங்கள், செங்கொடி என்றால் யார் என்று சொல்வார்கள்.

வங்கத்தில் அதற்கான ஆட்கள் இல்லாமல் இல்லை. 2021-இல் பூஜ்யம் வாங்கிய அதே மே மாதம் ரெட் வாலண்டியர்ஸ் என்ற உங்கள் இளைஞர் குழுப் பிள்ளைகள் கொரோனா நோயாளிகளுக்காக ராத்திரி பகல் பார்க்காமல் ஆக்சிஜன் சிலிண்டர் சுமந்தார்கள். அவர்களைப் பாராட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள், கிளைகளை அவர்கள் கையில் கொடுங்கள். தேர்தலுக்குத் தேர்தல் தொகுதி மாற்றாமல் ஒரே இடத்தில் பத்து வருடம் இருக்க விடுங்கள். மீனாட்சி முகர்ஜி போன்ற உங்கள் இளம் தலைவர்களை, 2021-இல் நந்திகிராமில் செய்ததுபோல், திரிணமூலின் மம்தாவும் பா.ஜ.க.வின் சுவேந்துவும் மோதுகிற களத்தில் நிறுத்தினால் பெயர் வரும், ஊர் வராது. வங்கத்து ஊர்களில் 100 நாள் வேலைக் கூலி நின்றுபோனது ஒரு பெரிய விஷயம். 2022-இல் ஒன்றிய அரசு பணத்தை நிறுத்தியது, மாநில ஆட்சி மீது ஊழல் புகார். இரண்டு பக்கமும் கேள்வி கேட்கக்கூடிய கட்சி உங்களுடையது ஒன்றுதான்.

கொல்கத்தா பிரிகேட் மைதானத்தில் லட்சக்கணக்கில் கூட்டம் சேர்வதை 2024 ஜனவரியிலும் பார்த்தோம். அதே வருடம் வங்கத்தில் ஒரு எம்.பி.கூட வரவில்லை. அடுத்த பிரிகேட் கூட்டத்துக்கு நாள் குறிக்கும் முன்னால், வங்கத்தில் எத்தனை பூத்தில் கடைசி ஓட்டு விழும்வரை உங்கள் ஏஜென்ட் உட்கார்ந்திருந்தார், எத்தனை பூத்தில் ஆளே இல்லை என்று மாவட்டவாரியாகக் கணக்கு கேளுங்கள். ஆள் இல்லாத ஊர்களுக்கு நீங்களே முதலில் போங்கள்.

தோழமையுடன்,
உங்கள் கட்சிக்கு ஓட்டுப் போட்ட ஒரு மதுரைக்காரன்