லவ் திஸ் ஜயண்ட்டுக்கு மார்க் போட்டவங்களுக்கு ஒரு திறந்த மடல்

2012 செப்டம்பர்ல டாக்கிங் ஹெட்ஸ் ராக் பேண்டுல பாடின டேவிட் பைர்னும், செயின்ட் வின்சென்ட்ங்கிற பேர்ல பாடி கிட்டார் வாசிக்கிற ஆனி கிளார்க்கும் சேர்ந்து போட்ட 'லவ் திஸ் ஜயண்ட்' ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதின ராக் விமர்சகர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ரொம்ப லேட்டா வரேன், தெரியும். போன வாரம் ஆல்பத்த மறுபடி கேட்டுட்டு உங்க பழைய விமர்சனங்கள தேடித் தேடி படிச்சேன், அதுலருந்து மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு. நீங்க யாரும் பெருசா திட்டல, பாதிக்கு மேல பாராட்டுதான். ஆனா அந்தப் பாராட்டு இருக்கே, கல்யாண வீட்டுல சாப்பாடு பரவால்லனு சொல்லிட்டு கை கழுவப் போற மாதிரி. புத்திசாலித்தனமா இருக்கு ஆனா மனசுல ஒட்டல, ட்ரம்பெட் ட்ரோம்போன் சத்தம் ஜாஸ்தி, ஆனி கிளார்க்கோட கிட்டார எங்க காணோம். இந்த மூணத்தான் ஆளாளுக்கு மாத்தி மாத்தி எழுதியிருக்கீங்க.

கிட்டார்லருந்தே வரேன். இவங்க ரெண்டு பேரும் 2009ல நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால்ல ஒரு நிதி திரட்டுற கச்சேரில சந்திச்சாங்க. அப்புறம் ஹவுசிங் வொர்க்ஸ்னு எய்ட்ஸ் வந்தவங்களுக்கும் வீடில்லாதவங்களுக்கும் உதவுற ஒரு அமைப்பு, அவங்க நடத்துற புத்தகக் கடைல ஒரு ராத்திரி சேர்ந்து பாடுறீங்களானு கேட்டாங்க, ஏன்னா அதே கடைல பாடகி பியார்க்கும் டர்ட்டி ப்ரொஜெக்டர்ஸ் பேண்டும் சேர்ந்து பாடி அது நல்லா அமைஞ்சிருந்தது. கடை சின்னது. அங்க ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அடுக்கி என்ன பண்றது, பித்தளை வாத்தியம்னா அதுவே சத்தமா கேக்கும், பிராஸ் பேண்டு வச்சு பண்ணலாமேனு ஐடியா குடுத்ததே கிளார்க்தான். அதாவது கிட்டார ஓரமா வச்சது அந்தக் கிட்டார் வாசிக்கிறவங்களேதான்! அவங்க யோசிச்சு எடுத்த முடிவ நீங்க என்னமோ பைர்ன் அவங்கள அமுக்கிட்ட மாதிரி எழுதிட்டீங்க. அவர் பொறந்தது 1952, அவங்க 1982, முப்பது வருஷ வித்தியாசம், உடனே குரு சிஷ்யைனு முடிவு பண்ணியாச்சு.

புத்தகக் கடைக்குனு யோசிச்சது வளந்து வளந்து கடைசில 12 பாட்டு ஆல்பமாச்சு. ஒருத்தர் ஒரு துண்டு பண்ணி மெயில்ல அனுப்ப இன்னொருத்தர் மேல எதையாவது போட்டு திருப்பி அனுப்ப, இப்படியே வருஷக்கணக்கா. அதான் எந்த வரி யாரோடதுனு பிரிக்க வராது, நீங்க பிரிச்சு மார்க் போட பாத்தீங்க பாருங்க, அங்கதான் எனக்கு கடுப்பு. அட்டைப்படத்தையாவது பாத்தீங்களா? ரெண்டு பேரும் மூஞ்சில செயற்கைத் தாடை ஒட்டிக்கிட்டு யாரோ மாதிரி நிக்கிறாங்க. இதுக்கு மேல என்னத்த சொல்லணும்?

மனசுல ஒட்டலனு சொன்னீங்களே, 'ஐ ஷுட் வாட்ச் டிவி'ய மறுபடி கேளுங்க. மத்த மனுஷங்க எப்படி இருப்பாங்கனே பிடிபடாத ஒரு ஆளு, டிவி பாத்தாவது அவங்கள புரிஞ்சுக்கலாம்னு உக்காந்திருக்கான். காமெடி மாதிரி ஆரம்பிச்சு போகப்போக நெஞ்ச பிசையுது. 'ஐஸ் ஏஜ்'ல கிளார்க் குரலும் அப்படித்தான். எனக்கு ஒட்டிக்கிச்சுப்பா.

ஒரு விஷயத்துல உங்க பக்கம்தான். ஒம்பதாவது பாட்டு 'ஆப்டிமிஸ்ட்' வர்றப்ப எனக்கே காது கொஞ்சம் களைச்சு போகுது, ஒரே ஊதல். தயாரிப்பாளர் ஜான் காங்கிள்டன் கம்ப்யூட்டர்ல ப்ரோக்ராம் பண்ண ட்ரம்ஸ் மட்டும் அடியில இல்லன்னா எப்பவோ ஆஃப் பண்ணிருப்பேன்.

ஆனா இது ஹெட்போன்ல முடியிற சமாச்சாரம் இல்ல. டூர்ல எட்டு பேர் ஊதுகுழலோட மேடை முழுக்க நடந்துக்கிட்டே வாசிச்சாங்க, வரிசையா வர்றாங்க, சுத்துறாங்க, அதுக்கு நடன அமைப்பு ஆனி-பி பார்சன். அதே பார்சன்தான் 2014ல செயின்ட் வின்சென்ட் தனி டூருக்கும், 2018ல பைர்னோட 'அமெரிக்கன் யூட்டோப்பியா' டூருக்கும் அசைவு அமைச்சாங்க. அந்த ரெண்டையும் நீங்க தலைல தூக்கி வச்சு ஆடுனீங்க. விதை எங்க போட்டதுனு யாராவது திரும்பி பாத்தீங்களா?

2013ல இலவசமா விட்ட இவங்களோட 'பிராஸ் டாக்டிக்ஸ்' இபில (அதான், குட்டி ஆல்பம்) 'ரோடு டு நோவேர்' லைவ் இருக்கு. டாக்கிங் ஹெட்ஸ் காலத்துப் பாட்டு, பிராஸோட வர்றப்ப எப்படி நிமிர்ந்து நிக்குதுனு கேட்டுட்டு ஆல்பத்துக்கு வாங்க. ரெண்டாவது தடவை விமர்சனம் எழுதுங்க. மார்க் மட்டும் போடாதீங்க.

இப்படிக்கு,
இன்னைக்கும் இந்த ஆல்பத்தோட மொத பாட்டு 'ஹூ'வ ரிப்பீட்ல போட்டு வீட்டுல திட்டு வாங்குற ஒருத்தன்