ஆறாம் லெவலோடு நிறுத்திக்கொள்வோம்: கோடை ஆட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஆட்டக் குழுவின் அண்ணாச்சிமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வருகிற மே மாத விடுமுறையில் பாளையங்கோட்டை, நெல்லை டவுன், அம்பாசமுத்திரம் ஆகிய மூன்று மேசைகளும் ஒரே நிலப்படத்தை வைத்துக்கொண்டு நம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில், அதாவது ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டும் ஆட்டத்தில், ஒரே கதையை ஆடுவது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. கதாபாத்திரங்கள் பலத்தின் படிகளான லெவல்களில் இருபது வரை ஏறலாம், விதிப்புத்தகத்தில் உள்ள எல்லாச் சக்திகளும் செல்லும் என்றும் அதே கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கூட்டத்துக்கு வராதவன் இப்போது குறை சொல்கிறானே என்பீர்கள். அன்று அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம், வர முடியவில்லை. ஆனால் அந்த நிலப்படத்தை வரைந்தவன் நான். மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவில் ஓர் ஆறு. பெயரை மாற்றியிருந்தும் அது தாமிரபரணிதான் என்று பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்த ஆற்றின் சார்பாகவே இதை எழுதுகிறேன்.

கேட்பது இரண்டுதான். எல்லாக் கதாபாத்திரங்களும் ஆறாம் லெவலோடு நிற்க வேண்டும். ஒவ்வொருவருடைய சக்திகளும் ஓர் அஞ்சலட்டையில் தமிழில் எழுதி முடிக்கிற அளவுக்குச் சுருங்க வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் எங்கள் மொட்டை மாடியில் நடந்த ஆட்டத்தில் உங்களில் பாதிப் பேர் இருந்தீர்கள். எல்லோருக்கும் அப்போது மூன்றாம் லெவல். கதையில் ஐப்பசி மாத வெள்ளம். அக்கரை ஊருக்கு மருந்து கொண்டுபோக வேண்டும். தோணிக்காரர் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கரையோரத் தோட்டத்தில் நான்கு வாழையை வெட்டித் தெப்பம் கட்டலாம் என்று பூசாரியாக ஆடியவர் சொன்னார். குலை தள்ளிய மரத்தைத் தர மாட்டேன் என்று தோட்டக்காரி நின்றாள். கதையை நடத்தியவன் என்பதால் தோட்டக்காரியாகப் பேசியவன் நான். எங்கள் ஆச்சியின் குரலை அப்படியே எடுத்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் பேரம். கடைசியில், அடுத்த நடவுக்கு ஐந்து பேரும் வந்து கன்று வைத்துக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துத்தான் மரம் கிடைத்தது. நட்டாற்றில் தெப்பம் சாய்ந்தது. இரும்புச் சட்டையைக் கழற்றி எறிவதா, அதைக் காப்பாற்றப் பார்ப்பதா என்று போர்வீரன் யோசித்தார், காப்பாற்றப் பார்த்தார். கோரைப்பாயில் உருட்டினால் பகடை சாய்ந்து நின்று சண்டை வரும் என்பதால் எங்கள் வீட்டில் பித்தளைத் தாம்பாளம்தான். இருபது முகப் பகடை அதில் சத்தமாக உருண்டு 4-இல் நின்றது, போதவில்லை. சட்டை போயிற்று. அந்த மனிதர் அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் வெற்றுடம்போடு சண்டை போட்டார். இன்றைக்கும் ஜங்ஷனில் அவரைப் பார்த்தால், "சட்டை கிடைத்ததா?" என்றுதான் விசாரிக்கிறோம்.

போன கார்த்திகையில் அதே ஆறு, அதே வெள்ளம், அதே ஆட்கள். லெவல் மட்டும் பதினொன்று. சுழல் எங்கே, பாறை எங்கே என்று முந்தின இரவு உட்கார்ந்து குறித்து வைத்திருந்தேன். ட்ரூயிடாக, எங்கள் பேச்சில் காட்டுச் சாமியாராக, ஆடும் தம்பி தன் சக்திகள் எழுதிய தாளைப் புரட்டினான். "அண்ணாச்சி, நாங்கள் எல்லோரும் மேகமாக மாறிப் பறந்து அக்கரையில் இறங்கிவிட்டோம்" என்றான். விதி அப்படித்தான் சொல்கிறது. விண்ட் வாக் என்று ஒரு மந்திரம். போட்டவரோடு இன்னும் பத்துப் பேர் மேகமாகலாம். ஆறு விநாடிக்கு 300 அடி வேகம், எட்டு மணி நேரம். கணக்குப் போட்டால் மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். நெல்லையில் கிளம்பினால் டிக்கெட் எடுக்காமல் திருச்சியைத் தாண்டிப் போய்விடலாம். தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை, கையில் கொடுத்ததைத்தானே பயன்படுத்தினான். தோட்டக்காரிக்குத்தான் அன்று வாய் திறக்கவே வேலை வரவில்லை.

சண்டையிலும் இதே கதைதான். விதிப்புத்தகத்தின் ஐந்தாம் பதிப்புக் கணக்கில், முதல் லெவல் போர்வீரனுக்குச் சுமார் 12 உயிர்ப்புள்ளி. கோப்ளின் என்ற குட்டிப் பூதம் விட்ட அம்பு பட்டால் சராசரியாக 5 குறையும். மூன்று அம்பில் ஆள் விழுந்துவிடுவான் என்பதால் புதரில் சருகு அசைந்தாலே மேசை அமைதியாகிவிடும். ஆறாம் லெவலில் 50 சொச்சம். ஊரறிந்த சண்டைக்காரன், ஆனாலும் ஒரு கூட்டம் வளைத்துக்கொண்டால் ஓட வேண்டியவன்தான். பதினொன்றில் 90-ஐத் தாண்டுகிறது. பதினெட்டு அம்பு வாங்கிக்கொண்டு நிற்பவனை வழிப்பறிக்காரர்களை வைத்து என்ன செய்வது? நான் அரக்கர்களை இறக்க வேண்டும், பிறகு டிராகனை, அதற்கும் பிறகு நரகத்துப் பிசாசை. சேரன்மகாதேவியை நினைத்து வரைந்த ஒரு சின்ன ஊரின் வாரச்சந்தைக்கு நரகத்துப் பிசாசு எதை வாங்க வருகிறது என்று ஒரு முறை தங்கை ஒருத்தி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

எல்லை வைப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோதே குள்ளர் இனக் கதாபாத்திரங்கள் ஆறாம் லெவலுக்கு மேல் போக முடியாது என்று விதி இருந்தது. மனிதர்களுக்குத் தடை இல்லை. பிறப்பைப் பார்த்துப் போட்ட அந்தக் கோடு எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஏன் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதும் இல்லை. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு அதை எடுத்துப் போட்டது நல்ல காரியம். நான் கேட்கும் கோடு எல்லோருக்கும் ஒன்றுதான். இதே ஆட்டத்துக்கு 1981-இல் வந்த விதிப் பெட்டிகளில் முதலாவது மூன்றாம் லெவலோடும் அடுத்தது பதினான்கோடும் முடிந்தன, அவற்றை வைத்தே ஆண்டுக்கணக்கில் ஆடியவர்கள் உண்டு. மூன்றாம் பதிப்பைத் திருத்தி வந்த மூன்றரைப் பதிப்புக்கு ரயன் ஸ்டவ்டன் என்பவர் ஈ-சிக்ஸ் என்று ஒரு மாற்று முறை எழுதினார். எல்லோரும் ஆறோடு நிற்பார்கள். அதன்பின் ஒவ்வொரு 5,000 அனுபவப் புள்ளிக்கும் ஒரு சிறு திறமை சேரும். பூசணிக்கொடி மாதிரி, மேலே போகாமல் பக்கத்தில் படர்கிற வளர்ச்சி. நாமும் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாம் லெவலில் மந்திரவாதிக்குத் தீப்பந்து வந்துவிடுகிறது, போர்வீரனுக்கு ஒரே முறையில் இரண்டாவது வெட்டும் வந்துவிடுகிறது. எட்டுப் பகடையை அள்ளி உருட்டுகிற சுகத்தை யாரிடமிருந்தும் நான் பறிக்கவில்லை.

லெவலை நிறுத்தினால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் நிலப்படத்தின் தென்கிழக்கில் தேரிக்காடு இருக்கிறது. செம்மண் மேடும் பனையும். அங்கே பஞ்சத்தை வைத்து ஒரு கதை எழுதியிருந்தேன். குட்பெரி என்ற மந்திரம் முதல் லெவல் காட்டுச் சாமியாருக்கே உண்டு. ஒரு தடவை போட்டால் பத்துப் பழம், ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாடு. பஞ்சம் தொடங்குவதற்கு முன்பே பந்தி முடிந்துவிட்டது. ஆகவே இந்த மந்திரம் இருக்கட்டும், ஆனால் பழம் பறிக்க அங்கே ஒரு செடியாவது உயிரோடு இருக்க வேண்டும் என்று அட்டையில் ஒரு வரி சேர்ப்போம். நம் கதைகளில் ஓட்டை இல்லாத வரம் எங்கே இருக்கிறது? பகலிலும் சாவில்லை, இரவிலும் சாவில்லை என்று வாங்கிய இரணியனுக்கு அந்திப்பொழுது வந்தது. கோயில் கொடை இரவில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அட்டைக்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. போன வருடம் டவுன் மேசைக்குப் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பையன் வந்தான். தமிழ் வழியில் படிக்கிறவன். அவனுக்குப் பதினோராம் லெவல் மந்திரவாதியைக் கொடுத்தோம்: தயாராக வைத்த மந்திரம் பதினாறு, ஒரு நாளில் பயன்படுத்தும் வாய்ப்பும் பதினாறு, ஒவ்வொன்றுக்கும் பொடி எழுத்தில் ஆங்கில விளக்கம். தாள் ஐந்து பக்கம். யாரோ அல்வா தின்ற கையோடு முதல் பக்கத்தைத் தொட்டிருந்தார்கள். நெய் ஊறிய இடத்தில் அடுத்த பக்கத்து எழுத்தும் தெரிந்தது. அவன் அந்த இடத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தான். அவன் முறை வந்தபோதெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் ஆளாளுக்கு, இதைப் போடு, அதைப் போடு என்றார்கள். ஒரு சுற்றுச் சண்டை முடிய 47 நிமிடம் ஆனது, கடிகாரம் பார்த்தேன். நான்கு மணி நேரத்தில் அவன் செய்தது, சொன்னபோது பகடை உருட்டியது மட்டும். இரண்டாம் முறை அவன் வரவில்லை. அவனைக் கூப்பிட்டுப் பேசாமல் விட்டது என் தவறு. அந்த மேசையை நடத்தியவன் நான்.

அட்டையில் எழுதினால் இப்படி இருக்கும்: "தீப்பந்து. நாற்பதடி அகலத்தில் எல்லோரையும் சுடும், நண்பர்களையும் சேர்த்து. எட்டுப் பகடை. ஒரு நாளைக்கு ஒரு முறை." இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் வேண்டாம், அண்ணாச்சிகளின் உபதேசமும் வேண்டாம். ஆளுக்கு நான்கு சக்தி, ஒன்றுக்கு இரண்டு மூன்று வரி. மூன்று மேசைக்கும் நானே எழுதித் தருகிறேன்.

இதனால் வருத்தப்படப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பதினேழாம் லெவலில் விஷ் மந்திரம் கிடைக்கும், நினைத்ததைக் கேட்கலாம் என்று இரண்டு வருடமாகக் காத்திருக்கும் அம்பாசமுத்திரத்துத் தம்பிக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது. அவன் காத்திருப்பு வீண்போக வேண்டாம். ஆனித் தேரோட்டத்தன்று எப்படியும் உள்ளூர் விடுமுறை. தேர் இழுத்துவிட்டு மாலையில் எங்கள் மாடிக்கு வாருங்கள். அந்த ஒரு நாளுக்கு மட்டும் எல்லோருக்கும் இருபதாம் லெவல், எல்லா மந்திரமும் செல்லும். பிசாசுகளை வேண்டிய மட்டும் கொண்டுவருகிறேன். சந்தைக்கு மட்டும் வர மாட்டா.

மே மாத ஆட்டத்துக்கு உங்கள் மூன்று மேசையில் எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை காலையில் தபால் ஆபீசுக்குப் போய் அட்டை வாங்க வேண்டும். நாற்பது வாங்கலாம் என்று இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களையும் அந்தப் பையனையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அவன் வீடு தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.

உங்கள்,
மாடி வீட்டு அண்ணாச்சி
பாளையங்கோட்டை