கடிதம் எழுதும் தம்பி

களுதாவளை

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வெள்ளிக்கிழமை கிடைத்தது. திருகோணமலையில் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்பதில் மகிழ்ச்சி. இங்கே மாரி தொடங்கிவிட்டது. வாவி நிரம்பி, வெற்றிலைத் தோட்டங்களில் தண்ணீர் நிற்கிறது. என் இடது தோள் இப்போது ஊன்றுகோலைத் தாங்க மறுக்கிறது. போலியோவில் தப்பிய நரம்புகள், அழிந்தவற்றின் வேலையையும் சேர்த்து இத்தனை வருடம் சுமந்ததால் களைத்துப்போயின என்றும், பலருக்கு இந்த வயதில் இப்படி வருவதுண்டு என்றும் வைத்தியர் விளக்கினார். எழுதும் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத்தான் நான் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

உன் பேத்தியைப் பற்றி நீ எழுதியிருந்த பகுதியை மூன்று தடவை வாசித்தேன். பிறப்பிலேயே ஒரு பக்கத்துக் கையும் காலும் இறுகிப்போன அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் திறப்பதில்லை என்றும், ஆனால் வீட்டில் கொப்பி கொப்பியாக எழுதிவந்தாள் என்றும், 'உன் குறையை நீ எப்படி வென்றாய் என்று ஒரு கட்டுரை எழுது' என ஆசிரியை ஒருவர் அன்போடு கேட்ட நாளிலிருந்து பேனையைத் தொடவே இல்லை என்றும் எழுதியிருந்தாய். எழுத்தினால் நிமிர்ந்தவன் நான் என்பதால் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய்.

அந்தக் கட்டுரையை அவளிடம் யாரும் கேட்க வேண்டாம். இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உனக்குத் தெரிந்த கதையில் உனக்குத் தெரியாத பகுதியும் இருக்கிறது.

1970இல், இரண்டு வயதில், எனக்கு இளம்பிள்ளைவாதம் வந்தது. சொட்டு மருந்து 1962இலேயே நாட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் வளவுக்கு வந்து சேரவில்லை. அந்தக் கிருமி முள்ளந்தண்டில் தசைகளை இயக்கும் நரம்புகளை அழிக்குமே தவிர, உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்புகளை விட்டுவிடும். ஆகவே என் வலது காலில் எறும்பு கடித்தால் எனக்கு நன்றாகத் தெரியும், உதறத்தான் முடியாது. ஊரில் பலர் அந்தக் கால் செத்துவிட்டது என்றே நம்பி, என் முன்னாலேயே அதைப் பற்றி மரக்கட்டையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்கள். நீ மட்டும், உன் அப்பாவின் சைக்கிள் பாரில் என்னை இருத்திப் பள்ளிக்குக் கொண்டுபோன வருடங்களில், கால் கம்பியில் படுகிறதா, நோகிறதா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்பாய். இல்ல விளையாட்டுப் போட்டி நாட்களில் என்னைச் செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவல் வைத்தார்கள். அதை இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

1978 நவம்பர் 23 சூறாவளி உனக்கு நினைவிருக்கும். தென்னைகள் முறிந்து, கூரைகள் போய், ஊர் வெட்டவெளியாகக் கிடந்த அந்த வாரத்தில் எல்லோருக்கும் ஓடியாடச் செய்ய வேலை இருந்தது. எனக்கு மட்டும் இருக்கவில்லை. அப்போதுதான் பக்கத்து வளவு மாமி, கொழும்பில் கடையில் நின்ற மகனுக்கு 'நாங்கள் உசிரோட இருக்கிறம்' என்று எழுதித் தரச்சொல்லி ஒரு தாளோடு வந்தா. பத்து வயதில் நான் எழுதிய முதல் கடிதம் அது. அடுத்த நாள் இன்னொருவர் வந்தார்.

சில வருடங்களில் பிள்ளைகள் மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கினார்கள். எயார்லெட்டர் என்று நாம் சொல்லும் அந்த நீலத் தாள் ஒன்றுக்குள், மடிப்பு ஓரம் வரை, ஒரு தாயின் ஒரு மாதத்தை அடக்க வேண்டும். அவர்கள் அழுது அழுது ஒரு மணித்தியாலம் சொல்வதில் எது கடிதம், எது கண்ணீர் என்று பிரித்து எடுக்கப் பழகினேன். எழுத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அந்தத் திண்ணையில்தான் கற்றேன். பள்ளிக்கூடம் அதற்கு மேல் அதிகம் தரவில்லை.

1983 என்று நினைக்கிறேன். அதே மாமியின் மகள், கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தா. 'மனே, புள்ளைக்குக் காய்ச்சல் எண்டு எழுதிப்போடாத, அவள் அங்க தனிய இருந்து அழுவாள்' என்றா மாமி. பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. நெடுநேரம் யோசித்துவிட்டு, குழந்தை இப்போது தாயின் பழைய சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறது என்று, நான் கண்ணால் கண்ட ஒன்றை எழுதினேன். இரண்டு மாதம் கழித்து வந்த பதிலின் அடியில், 'கடிதம் எழுதும் தம்பிக்கு' என்று தனியாக நாலு வரி இருந்தது. அந்தச் சட்டை எந்த நிறம் என்று கேட்டிருந்தா.

அவவுக்கு என் காலைத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் அந்த நாலு வரியில் கால் இல்லை. நீலத்தில் வெள்ளைப் பூப் போட்ட சட்டை என்று அடுத்த கடிதத்தில் எழுதியபோது, ஒருவருக்கு நான் தேவையாக இருக்கிறேன் என்பதை முதன்முதலாக உடம்பு முழுவதும் உணர்ந்தேன். அதுவரை நான்தான் மற்றவர்களிடம் எடுத்துச் செல்லப்பட்டேன், அப்பாவின் தோளில், உன் சைக்கிளில். இப்போது மற்றவர்கள் என்னிடம் நடந்து வந்தார்கள்.

அக்கடிதங்களில் நான் எழுதிய 'நான்' எல்லாம் பிறருடையவை. என் காலைப் பற்றி 'நான்' என்று எழுத எனக்கு நெடுங்காலம் முடியவில்லை. 1992இல் கொழும்புப் பத்திரிகை ஒன்றின் வார மலரில் வந்த என் முதல் எழுத்தும் வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் வார்க்கும் ஒரு கிழவரைப் பற்றியதுதான். கடைசியில் என் காலைப் பற்றி நான் முதன்முதல் எழுதியது கதையிலோ கட்டுரையிலோ அல்ல, ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தில். 2007இல், சரிவுப்பாதை இல்லாத அலுவலகம் ஒன்றின் முதல் மாடிக்கு இருந்து இருந்து ஏறிப் போய்த் திரும்பிய அன்றிரவு, அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தையும், பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வர வசதி வேண்டும் என்று 2006இல் வந்த விதிகளையும் குறிப்பிட்டு, 'நான் படியேற முடியாதவன்' என்று தொடங்கி எழுதினேன். கை நடுங்கவில்லை. அந்த வாக்கியம் அங்கே தேவைப்பட்டது, அதனால் எழுத முடிந்தது. அந்தக் கட்டடத்தில் இன்னும் சரிவுப்பாதை இல்லை. நானும் எழுதுவதை நிறுத்தவில்லை.

இப்போது உன் பேத்தியின் விடயத்துக்கு வருகிறேன். வென்றாயா என்று கேட்கும் கட்டுரை, அவள் எழுதிய அத்தனை கொப்பிகளையும் தள்ளிவிட்டு மறுபடியும் அவளுடைய கையையும் காலையும்தான் பார்க்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது நன்றாக விளங்கும். அவளுடைய உடம்பைப் பற்றி அவள் எழுதுவாள், எழுதாமலும் விடுவாள். அந்த நாளை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அந்த ஆசிரியையைக் கோபிக்காதே, நல்ல மனத்தோடுதான் கேட்டிருக்கிறார். நீயே போய் ஆறுதலாகப் பேசிப் பார். அதுவரை அவளுக்கு எழுத்து வேலை கொடு. உன் மனைவியின் மருந்துகளை நேரத்தோடு எழுதி வைக்கட்டும். கடைக்கான பட்டியலை எழுதட்டும். யாரோ ஒருவர் அவளுடைய எழுத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

அந்த யாரோ ஒருவராக நான் இருக்க விரும்புகிறேன். உன் முழங்கால் நோ குறைந்துவிட்டதாக நீ எழுதியதை நான் நம்பவில்லை. உன்னைப் பற்றி நீ என்றுமே உண்மை எழுதியதில்லை. அம்மப்பா படியேறும்போது கம்பியைப் பிடிக்கிறாரா, காலையில் எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறார், எல்லாவற்றையும் பார்த்து எனக்கு எழுதி அனுப்பும்படி அவளிடம் சொல். முத்திரை ஒட்டிய உறை ஒன்றை என் முகவரி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அவள் எழுதுவதை நீ வாசிக்காமல் ஒட்டி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்