குச்சிக்கிழங்குக் காட்டில் கூட நின்றவர்களுக்கு நன்றி

வாழப்பாடி, ஏத்தாப்பூர் பக்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம். நம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் தலைவர் பொறுப்பைத் தம்பியிடம் ஒப்படைத்தாயிற்று. பொதுக்குழுவில் மைக்கைப் பிடித்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை, அதனால் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி, கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்டவர்களுக்கு. 2020இல் கேரளாவில் தென்பட்ட, மரவள்ளியை, அதாவது நம் குச்சிக்கிழங்கைத் தாக்கும் மாவுப்பூச்சி நம் சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்து, கொழுந்தெல்லாம் கொத்தாகச் சுருண்டு, இலைக்கு அடியில் மாவு பூத்த மாதிரி அப்பிக்கிடந்ததே, அந்தச் சமயம். பத்து மாதப் பயிர், பாதிப் பேர் நகையை வைத்துத்தான் நட்டிருந்தார்கள். "இனிமேல் குச்சி நடறதா, மக்காச்சோளத்துக்குப் போயிடறதா, தலைவர் நீங்க சொல்லுங்க" என்று கேட்டீர்கள். "தெரியலைங்க, விசாரித்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன்" என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்ல முடிந்தது. அதைக் கேட்டும் பங்குப் பணத்தைத் திருப்பிக் கேட்காமல், அடுத்த கூட்டத்துக்கும் வந்து உட்கார்ந்தீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதமே.

அடுத்து ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள். 1980களில் ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கிய ஒட்டுண்ணிக் குளவியை, பெங்களூரு ஆய்வகத்தார் பெனின் நாட்டிலிருந்து தருவித்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூரில்தான் முதலில் விட்டார்கள். எறும்பை விடச் சின்ன உருவம். மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டை வைக்கும், புழு உள்ளேயிருந்து தின்று வளரும். ஆனால் நாம் மருந்து அடித்தால் பூச்சியோடு சேர்ந்து குளவியும் போய்விடும். அப்போது, கண்ணெதிரே கொழுந்து கருகிக்கொண்டிருக்கும் காட்டுக்காரரிடம் போய், ஸ்பிரேயரை இறக்கி வையுங்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. என் பொறுப்பில் அதைவிடக் கஷ்டமான பேச்சு வேறு இல்லை. பலிக்கும் என்று சத்தியம் செய்யவும் என்னால் முடியாது.

அந்த நேரத்தில் எங்களைத் தாங்கியது மகளிர் குழுவின் ஓர் அக்கா. தன் காட்டு இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கூட்டத்துக்கே கொண்டுவந்து, லென்ஸை வைத்து ஒவ்வொருவரிடமும் காட்டினார்: பழுப்பேறி உப்பி, கெட்டியாகிப்போன மாவுப்பூச்சி, அதில் ஊசி முனை அளவு ஓட்டை. "குளவி வெளியே போன வழிங்க இது" என்றார். நான் எவ்வளவு பேசியும் இறங்காத மருந்து டேங்குகள் அந்த இலையைப் பார்த்த பிறகு இறங்கின. அக்கா, பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், ஆனால் ஊருக்கே தெரியும்.

அப்புறம் நம் இளவட்டங்கள். 2023இல், நம் கிழங்கு மாவில் செய்யும் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எல்லோருக்கும் பெருமைதான், எனக்கும்தான். ஆனால் விவசாயி கைக்குக் காசு வருவது பாயிண்ட்டில், அதாவது கிழங்கில் இருக்கும் மாவுச்சத்தின் அளவில். ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் சொல்லும் பாயிண்ட்டை நம்பிக் கிழங்கை இறக்கிவிட்டு வந்த காலத்தை மாற்றியது நீங்கள். மாதிரிக் கிழங்கை வெளியே ஒரு தடவை, தண்ணீரில் தொங்கவிட்டு ஒரு தடவை எடை பார்த்து, மாவுச்சத்தைக் கணக்கிடும் தராசை நாமே வாங்குவோம் என்றபோது பெரியவர்கள் பலர் முகம் சுளித்தார்கள், மில்காரர்களைப் பகைத்துக்கொள்ளவா என்று. பகை வரவில்லை. நம் பையன்களைப் பக்கத்தில் நிற்க வைத்தே எடை பார்த்த சேகோ மில் முதலாளிகளுக்கும் மனமார்ந்த நன்றி.

கணக்கு எழுதும் பாப்பாவை விட்டுவிட முடியாது. கையிருப்பு, கடன் பாக்கி, வர வேண்டியது என்று வாராவாரம் அலுவலக வாசல் கரும்பலகையில் எழுதிவைத்தது அவள். கையிருப்பு வற்றிய வாரங்களிலும் அதை அப்படியே எழுதினாள். சம்பளம் தள்ளிப்போனபோதும் ஒரு நாள்கூட முகம் கோணவில்லை. ஊரில் வதந்தி கிளம்பாமல் இருந்ததற்கு அந்தப் பலகைதான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன். தம்பி, நீ எதை மாற்றினாலும் சரி, அந்தப் பலகையை மட்டும் எடுத்துவிடாதே.

லாரி வாடகையைக் கிழங்குப் பணம் வரும்வரை கேட்காமல் பொறுத்த டிரைவர் அண்ணன்களுக்கும், ஓய்வு பெற்ற பிறகும் வந்து வங்கிக் கடன் பேப்பர்களைச் சரிபார்த்துக் கொடுத்த மேனேஜர் ஐயாவுக்கும், ராத்திரி நேரத்தில் வீட்டுக் கதவைத் தட்டிய உறுப்பினர்களுக்கெல்லாம் சலிக்காமல் டீ போட்டுக் கொடுத்த என் வீட்டம்மாவுக்கும் என் நன்றி. புது நடவுக்குக் குச்சி எடுக்கும் கூட்டத்துக்கு நானும் வருவேன், இந்தத் தடவை உங்களோடு கீழே உட்கார.