மாத்திரையும் சிறுநீரும்: பழைய மெட்ராஸ் டி.பி. கண்காணிப்பு

அன்புள்ள தேன்மொழிக்கு,

அம்மாவும் நானும் நலம். அந்தக் காலத்தில் டி.பி.காரர்களை வீட்டில் வைத்து எப்படிக் கவனித்தார்கள் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடியாது, எழுதிவிடுகிறேன்.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் வந்தது. அதுவரை தாம்பரம் மாதிரி சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு என்பதுதான் வைத்தியம். படுக்கை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் தலைமையில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில், மற்றது வீட்டில். இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்துதான்: ஐசோநியாசிட், பாஸ் (PAS) என்ற இரண்டு டி.பி. மருந்துகளும் சேர்த்து, ஒரு வருஷம். 1959இல் வெளியான முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம் தேறியிருந்தார்கள். இத்தனைக்கும் வீட்டிலிருந்தவர்களுக்கு இடநெருக்கடி, அரை வயிற்றுச் சாப்பாடு. கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிக்கும் முன்பே தொற்றிவிடுகிறது. இதை வைத்து சானடோரியமே வீண் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. ரத்தமாய்த் துப்புகிறவருக்குப் படுக்கை வேண்டும்தான்.

வீட்டு வைத்தியத்தின் பாடே கண்காணிப்புதான். பாஸ் கிராம் கணக்கில் விழுங்க வேண்டிய மருந்து. குமட்டும், வயிற்றைக் கலக்கும். இரண்டு மூன்று மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும், 'இனி எதற்கு?' என்று விட்டுவிடுவார்கள். கிருமியோ உள்ளேதான் இருக்கும்; மிஞ்சினது மருந்துக்கு மசியாததாகவும் மாறலாம். அதனால் ஹெல்த் விசிட்டர் (வீடு தேடிப் போகும் சுகாதாரப் பணியாளர்) சொல்லாமல் வீட்டுக்குப் போய், மீதி மாத்திரையை எண்ணுவார். சாக்கடையில் கொட்டிவிட்டால் எண்ணிக்கை சரியாகவே வரும். ஆகவே சிறுநீரும் வாங்குவார்கள். ஃபெர்ரிக் குளோரைடு சில சொட்டு விட்டால், பாஸ் இருந்தால் செவ்வூதா நிறம் காட்டும். அதிலும் ஓட்டை உண்டு: அன்று காலை சாப்பிட்டிருந்தாலே போதும், முந்தைய வாரம் தெரியாது. வரும் நாள் முன்கூட்டித் தெரிந்தால் சோதனையே வீண்.

சாப்பிடவில்லை என்று தெரிந்தால் திட்டிப் பயனில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா, மாமியாருக்குத் தெரியாமல் மறைக்கிறாளா, கூலி போகுமென்று பயமா என்று கேட்க வேண்டும். வயிற்றுக் கோளாறுக்குச் சாப்பாட்டோடு கொடுத்தாலே பாதி சரியாகும்.

இந்தத் தொல்லைக்காகத்தான் பிறகு வாரம் இரண்டு நாள் மையத்துக்கு வரவழைத்து, கண்ணெதிரே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கூடுதல் ஐசோநியாசிட்டும் கொடுக்கும் முறையைச் சோதித்தார்கள். அதில் மாத்திரையை எண்ண வேண்டாம், ஆனால் பஸ் காசும் வேலை நேரமும் போகும்.

மருந்து முடிந்த பிறகும், சிகிச்சை தொடங்கியதிலிருந்து ஐந்து வருஷம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். நீ நோயாளி வீட்டுக்குப் போனாலும் சோதனைக்கான சளியைக் காலையில் வாய் கொப்பளித்தபின், ஆழமாக இருமி எடுக்கச் சொல். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. முகவரியோடு பக்கத்துக் கடை, ரேஷன் கடை, சொந்தக்காரர் ஊர் எல்லாம் குறித்துக்கொள். வாடகை வீட்டுக்காரர்கள் அடுத்த வருஷம் அங்கே இருக்கமாட்டார்கள்.

அன்புடன்,
அப்பா