வெள்ளிக் கம்பியும் உன் மூக்கும்

அன்புள்ள கோபால்,

உன் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். சுந்தரம் இன்னும் அதே சுந்தரம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். பென்சிலை ஓரங்கட்டிவிட்டேன். இப்போது வரைவது வெள்ளிக் கம்பியால். நுனியை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கி, பென்சில் பிடியில் செருகிக்கொள்கிறேன். சிரிக்காதே. வெறும் தாளில் வெள்ளி வழுக்கிக்கொண்டு போகும். எலும்புச் சாம்பலையும் பசையையும் குழைத்துப் பூசிக் காயவைத்தால், அந்தச் சொரசொரப்பு கம்பியைச் சுரண்டித் துகளைப் பிடித்துக்கொள்ளும். 1400 வாக்கில் சென்னினி என்ற இத்தாலிய ஓவியர் எழுதிய கைநூலில், சாப்பாட்டு மேசைக்கடியில் கிடக்கும் கோழி எலும்பை அப்படியே நெருப்பில் போடச் சொல்கிறார். பிறகு அந்தத் தூளை எச்சிலில் குழைத்துப் பலகையில் தடவ வேண்டுமாம்! உன் சுத்தத்துக்கு ஏற்ற கலை.

கோடு விழும்போது சாம்பல் நிறம், பென்சில் கோட்டுக்குத் தம்பிபோல. எவ்வளவு அழுத்தினாலும் கருக்காது, பூச்சுதான் பெயரும். கருமை வேண்டுமா? கோட்டின் மேல் கோடு, அதன் மேல் இன்னொன்று. ரப்பருக்கு வேலையே இல்லை. தாள் கிழிய வரையும் என் கைக்கு இதைவிடக் கடுமையான தண்டனையை நம் வாத்தியாரால்கூட யோசித்திருக்க முடியாது. மருமகன் வேறு, எந்தப் படத்தைக் காட்டினாலும் "இன்னும் முடிக்கவில்லையா?" என்கிறான். டூரர் என்ற ஜெர்மன் ஓவியர் 1484இல் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே இப்படி வரைந்தபோது வயது 13. அந்த வயதில் நீயும் நானும் செய்த காரியங்கள் கடிதத்தில் எழுதத் தக்கவை அல்ல.

டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் படம் ஒன்றுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. 1633இல், நிச்சயதார்த்தம் முடிந்த மூன்றாம் நாள், சாஸ்கியாவை வெள்ளி முனையால் தோல்தாளில் வரைந்திருக்கிறார். வைக்கோல் தொப்பி, கையில் பூ, கன்னத்தில் ஊன்றிய இன்னொரு கை. அழிக்க முடியாத கோட்டில் வரையத் துணிந்திருக்கிறார், அதுவும் மணக்கப்போகிற பெண்ணை! ஒன்பது வருடத்தில் அவள் இறந்துவிட்டாள், முப்பது வயதுகூட ஆகவில்லை. அதைப் படித்த அன்று நான் கம்பியைத் தொடவில்லை.

காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளிக் கோடு மெல்லப் பழுப்பேறும். மாதக்கணக்கில் ஆகலாம். என் படங்களை நான் தினமும் எடுத்துப் பார்ப்பது அதற்காகத்தான். வீட்டில் பைத்தியம் என்கிறார்கள்.

அடுத்த முறை அவசரமாக ஓடாமல் உட்காரும்படி வா, உன்னை வரைய வேண்டும். மூக்குக்கே ஒரு காலைப்பொழுது போய்விடும். தங்கக் கம்பியாலும் வரையலாம், நிறமே மாறாது. உனக்கு வெள்ளி போதும்.

அன்புடன்,
ராகவன்